பழைய விண்டோஸுக்கு மென்பொருள்கள் ஆதரவை நிறுத்தும்போது: முழுமையான வழிகாட்டி

ஒரு விண்டோஸ் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தும் நாளில் கணினியில் எதுவும் நடப்பதில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஆன் ஆகும், பில் அடிக்கும், பிரிண்ட் எடுக்கும். அதனால்தான் பலர் அந்த அறிவிப்பைக் கண்டுகொள்வதில்லை. உண்மையான நெருக்கடி அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, பிரவுசர் தயாரிப்பவர்களும் கைவிடும்போது வருகிறது.

கடந்த காலத்தைப் பார்த்தாலே இது புரியும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. குரோம் அதை 2016 ஏப்ரலில் விட்டது, ஃபயர்பாக்ஸ் 2018 வரை தாங்கியது. விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. குரோம் 109தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110, விண்டோஸ் 10 இருந்தால்தான் ஏறும் என்றது. விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

ஆக, விண்டோஸின் தேதி ஓர் எச்சரிக்கை. பிரவுசரின் தேதிதான் கெடு. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் காலத்தில் அவசரமில்லாமல், தரவு இழப்பில்லாமல் மாறிவிட வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

பிரவுசருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் இன்று எத்தனையோ மென்பொருள்கள் நிற்கின்றன. டெஸ்க்டாப் செயலிகள் பலவற்றைக் கட்ட உதவும் எலக்ட்ரான், தன் 23ஆம் பதிப்பில் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் விட்டது. குரோமியம் 110 விட்டதுதான் காரணம். அந்த எலக்ட்ரானை நம்பியிருந்த சாட் செயலிகளும் எடிட்டர்களும் பின்னாலேயே போயின. விளையாட்டுத் தளமான ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7ஐ நிறுத்தியபோது, தன்னுள் இருக்கும் குரோம் பழைய விண்டோஸில் ஓடாது என்பதையே காரணமாகச் சொன்னது. அதனால் ஒரு செயலி நின்றால் அதைத் தயாரித்தவரை மட்டும் நொந்துகொள்வதில் பயனில்லை. அவருக்கும் அடியில் இருந்தது போய்விட்டது.

படி 1: உங்களிடம் இருப்பது எது?

விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் "வின்வெர்" என்பதை ஆங்கிலத்தில் (டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்) தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10 என்றால் 22எச்2 என்று இருக்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டி 22எச்2க்கு வாருங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாச் சலுகைகளும் அந்தப் பதிப்புக்கு மட்டுமே.

அடுத்து, கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். "சிஸ்டம் டைப்" என்ற வரியைக் கவனமாகப் படியுங்கள். 32 பிட் விண்டோஸ் என்றும், பிராசஸர் எக்ஸ்64 என்றும் ஒரே வரியில் போட்டிருந்தால் உங்கள் நிலைமை நினைத்ததைவிட நல்லது. 64 பிட் தாங்கும் இயந்திரத்தில் யாரோ 32 பிட் விண்டோஸை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஊரில் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டங்களில் இது சர்வசாதாரணம். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. எனவே 64 பிட்டுக்கு மாற முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிராசஸரின் பெயர், ரேம் அளவு, ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மென்பொருள் பட்டியல்

கன்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து, நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்துபவற்றை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: இப்போதைய பதிப்பு எண், அது இணையத்தைத் தொடுகிறதா, லைசென்ஸ் எங்கே இருக்கிறது, இன்ஸ்டால் செய்யும் கோப்பு கையில் இருக்கிறதா.

இணையத்தைத் தொடுகிறதா என்ற கேள்விதான் எல்லாவற்றையும் பிரிக்கிறது. பிரவுசர், மெயில், வங்கி, ஜிஎஸ்டி தாக்கல், டெண்டருக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவை ஒரு பக்கம். லேபிள் அடிக்கும் மென்பொருள், பழைய பில்லிங், டிசைன் வேலை ஆகியவை மறுபக்கம். முதல் வகையைப் பழைய விண்டோஸில் வைத்திருக்கக் கூடாது. இரண்டாம் வகையைத் தனிமைப்படுத்திப் பல வருடம் ஓட்டலாம்.

பிறகு ஒவ்வொரு மென்பொருளின் தளத்திலும் "சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்" பக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்குத் தேவைப்படக்கூடிய சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரோம் 109 கடைசி. ஃபயர்பாக்ஸில் இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) 115 கடைசி. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டின் கெடுவை மொசில்லா பலமுறை நீட்டித்தது. லிப்ரே ஆபீஸில் 25.2 கடைசி, 25.8 விண்டோஸ் 10 கேட்கும். நிரல் மொழிகளில் பைதான் 3.8, கோ 1.20 ஆகியவையும் கடைசி. மாறாக, விஎல்சி 3.0 எக்ஸ்பியில்கூட ஓடும், 7-ஜிப்பும் ஓடும். பழைய இயந்திரங்களை மறக்காத அந்தத் தன்னார்வலர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

படி 3: பிழைச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"சப்போர்ட் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அது மூன்று விதமாக நடக்கும். மென்பொருள் ஓடும், அப்டேட் மட்டும் வராது என்பது முதல் விதம். அதன் சர்வரே பழைய பதிப்பை உள்ளே விடாது என்பது இரண்டாவது. வாட்ஸ்அப் 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களை விட்டது இந்த ரகம். போனில் செயலி இருந்தும் பயனில்லை. புதிய பதிப்பு இன்ஸ்டால் ஆகாது, அப்படியே இன்ஸ்டால் ஆகிவிட்டாலும் திறக்காது என்பது மூன்றாவது.

மூன்றாவது ரகத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 7இல் பைதான் 3.9ஐ ஓட்டிப் பார்த்தால், "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பைக் (மென்பொருள்கள் விண்டோஸிடம் இரவல் வாங்கும் நிரல்) காணோம் என்று செய்தி வரும். படிப்பவருக்கு, ஏதோ ஒரு கோப்பு அழிந்துவிட்டது, அதைத் தேடிப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. கோப்புப் பாதைகளைக் கையாளும் அந்த வசதி விண்டோஸ் 8இல்தான் வந்தது. உங்கள் கணினியில் அது எப்போதுமே இருந்ததில்லை. கெர்னல்32 டிஎல்எல்லில் ஏதோ ஒரு "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்" இல்லை என்று வரும் செய்தியும் பெரும்பாலும் இதே கதைதான். தயவுசெய்து அந்த டிஎல்எல்லைக் கூகுளில் தேடி, இலவசமாகக் கொடுக்கும் தளங்களிலிருந்து இறக்கிப் போடாதீர்கள். வைரஸ் வர அதைவிட எளிய வழி வேறில்லை. அந்த மென்பொருளின் முந்தைய பதிப்பை அதன் சொந்தத் தளத்தில் தேடுவதே சரியான மருந்து.

எல்லா இணையதளமும் ஒரே நேரத்தில் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சொன்னால், ஆதரவு போய்விட்டது என்று முடிவு கட்டுமுன் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவையாகத் தெரியும். சில பத்து ரூபாய் பேட்டரியோடு முடிகிற வேலை இது. தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால்தான், அந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையாகக் கணினியில் இருக்கும் ரூட் சான்றிதழ் பழசாகியிருக்கிறது என்று பொருள். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை தரும் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய ரூட் காலாவதியானபோது, அப்டேட் இல்லாத எத்தனையோ கருவிகளில் இதுதான் நடந்தது. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ்த் தொகுப்பை வைத்திருப்பதால் பழைய விண்டோஸில் அது தேவலை. ஆனால் அதிலும் 115.13க்கு முந்தைய இஎஸ்ஆர் இருந்தால் 2025 மார்ச் 14க்குப் பிறகு ஆட்-ஆன்கள் வேலை செய்யாமல் போகும். இஎஸ்ஆர் 115இன் கடைசி அப்டேட் வரை ஏற்றுங்கள்.

படி 4: எதையும் தொடுமுன் பேக்கப்

வெளியில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பென்டிரைவ் இதற்குப் போதாது. டாக்குமென்ட், படங்கள், கணக்குத் தரவு, மெயில் கோப்புகள், பிரவுசரின் புக்மார்க், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதில் போகட்டும். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறை பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது, சி டிரைவில் தனியே எங்காவது இருக்கும். மென்பொருளைத் திறந்து பாதையைப் பார்த்துவிட்டு நகலெடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்க்கும்வரை அதை பேக்கப் என்று நம்பாதீர்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று, இன்ஸ்டாலர் கோப்புகள். பழைய பதிப்புகளை நிறுவனங்கள் எப்போது வேண்டுமானாலும் தளத்திலிருந்து எடுத்துவிடலாம். இன்று கிடைப்பதை இன்றே இறக்கி, பதிப்பு எண்ணோடு பெயரிட்டு, டிஸ்கில் ஒரு தனிக் கோப்புறையில் வையுங்கள். தளத்தில் எஸ்எச்ஏ-256 எண் (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை போன்றது) கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். 7-ஜிப் இருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் "சிஆர்சி எஸ்எச்ஏ" மெனுவில் அந்த எண் கிடைக்கும். பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்களையும் இதே கோப்புறையில் சேருங்கள்.

படி 5: எங்கே மாறுவது?

விண்டோஸ் 10 கணினி என்றால் முதலில் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் கருவியை ஓட்டுங்கள். விண்டோஸ் 11க்கு 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல போர்டுகளில் அது இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். இயக்குமுன் டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கைவைத்த பிறகு அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றால், அது இல்லாமல் தரவை மீட்க வழியில்லை.

தகுதியில்லாத கணினியிலும் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்ற ரூஃபஸ் போன்ற கருவிகள் உதவும். வீட்டில் இருக்கும் இரண்டாவது கணினிக்குச் செய்து பார்க்கலாம். வருமானம் நம்பியிருக்கும் கணினிக்குச் செய்ய வேண்டாம் என்பேன். அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. 24எச்2 பதிப்பு வந்தபோது எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்கள் ஒரேயடியாக வெளியே தள்ளப்பட்டன.

தகுதியில்லை, ஆனால் கணினி நன்றாக ஓடுகிறது என்றால் இஎஸ்யு என்ற நீட்டிப்பில் சேருங்கள். வீட்டுப் பயனர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" என்ற இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸைச் சிங்க் செய்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்க்கலாம். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு: ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடங்களில் இரட்டிப்பாகும். அந்தப் பணத்துக்கு இரண்டாம் வருடமே புதிய கணினி பற்றி யோசிப்பது நல்லது.

விண்டோஸ் 7 கணினிக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அதற்கான கட்டண நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 7 கீயைக் கொடுத்து விண்டோஸ் 10ஐ ஆக்டிவேட் செய்யும் பழைய வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. இவற்றுக்கு லினக்ஸ்தான் நேர்மையான வழி. லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் சுகமாக ஓடும், 2029 வரை ஆதரவு உண்டு. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடப் பழைய லேப்டாப்கூட மறுபிறவி எடுக்கும். இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால் முதலில் அப்படிச் சோதியுங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். நம் கடைகளில் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி 2900 போன்ற பிரிண்டர்களுக்குத் தனி டிரைவர் போட வேண்டும், கொஞ்சம் பாடுபடுத்தும். தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம்: லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸில் எம்17என் என்ற மொழித் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் வந்துவிடும்.

லினக்ஸிலும் இதே நாடகம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 தொடக்கத்தில் விஎஸ் கோட் என்ற நிரல் எடிட்டரின் 1.86 பதிப்பு, புதிய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) கேட்டதால் உபுண்டு 18.04 சர்வர்களில் தொலைவிலிருந்து வேலை செய்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தது. வித்தியாசம், அடுத்த லினக்ஸ் பதிப்புக்குப் போகக் காசும் புதிய இயந்திரமும் கேட்பது அபூர்வம்.

படி 6: பழையதை வைத்தே தீர வேண்டுமென்றால்

ஒரு தறிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆய்வகக் கருவி, டாங்கிளோடு (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவிக் கருவி) வந்த மென்பொருள் என்று, பழைய விண்டோஸை விடவே முடியாத இடங்கள் உண்டு. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: வலையிலிருந்து பிரியுங்கள். லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை டிவைஸ் மேனேஜரில் முடக்குங்கள். "நெட் பார்க்கிறதில்லை, கேபிள் மட்டும் இருக்கு" என்பது போதாது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே எஸ்எம்பி (கோப்புகளைப் பகிரும் நெட்வொர்க் வசதி) வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடப்படவில்லை. ஆதரவு இருந்த காலத்திலேயே இந்த நிலை என்றால், இல்லாத காலத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோப்புகளைக் கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அதைப் புதிய கணினியில் ஸ்கேன் செய்த பிறகே பழையதில் செருகுங்கள். அந்தப் பென்டிரைவ் வேறெந்த இடத்துக்கும் போகக் கூடாது.

இதைவிட நல்ல வழி, பழைய கணினியையே ஒரு கோப்பாக மாற்றிவிடுவது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் டிஸ்க்2விஎச்டி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அப்படியே ஒரு விஎச்டி (டிஸ்கின் முழு நகல்) கோப்பாக எடுத்துக்கொடுக்கும். புதிய கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் அதை இயக்கலாம், நெட்வொர்க்கை அணைத்து வைக்கலாம். விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கக்கூடும். பிராண்டட் கணினியோடு வந்த லைசென்ஸ் என்றால் மாற்ற அனுமதியும் இருக்காது. யுஎஸ்பி டாங்கிளை உள்ளே இணைத்துவிட முடியும். பழைய பேரலல் போர்ட் டாங்கிள் என்றால் இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்காது, அந்த இயந்திரத்தையே காப்பாற்றி வைக்க வேண்டியதுதான்.

படி 7: தமிழ்க் கோப்புகள்

அச்சகம், டிடிபி, பத்திரிகை, கோயில் மலர் வேலை செய்பவர்கள் இந்தப் படியைத் தவறவிடக் கூடாது. இங்கே நிலைமை தலைகீழ். விண்டோஸ் மென்பொருளைக் கைவிடவில்லை, மென்பொருளைத் தயாரித்தவரே அதைக் கைவிட்டார். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பே இல்லை. அந்த ஒன்றுக்காக எக்ஸ்பி கணினியை இன்றும் கட்டிக் காப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காப்பது மென்பொருளை அல்ல, இருபது வருட உழைப்பை என்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கோப்புகளுக்கு இரண்டு பூட்டு. ஒன்று, பேஜ்மேக்கரின் கோப்பு வடிவம். இன்னொன்று, எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குவியலாகத் தெரியும். டிஸ்கி, டேம், டேப் என்று வேறு குறியீடுகளும் உண்டு. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் தட்டியவை, பின்னரும் பழக்கத்தில் தட்டியவை எல்லாம் இந்தப் பூட்டுக்குள் இருக்கின்றன. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினிக் கோப்புகள் மலைபோல் உண்டு.

முதலில், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக்குங்கள், எழுத்துருவை உட்பொதித்து. தோற்றம் அதோடு பத்திரம். எழுத்துருக் கோப்புகளையும் தனியே நகலெடுங்கள். அடுத்து உரையை எடுங்கள். பேஜ்மேக்கரின் வாரிசான இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு கையில் இருந்தால் அது பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்து பாருங்கள். பக்க அமைப்பு கலையலாம், உரை பெரும்பாலும் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் பேஜ்மேக்கரிலிருந்தே டெக்ஸ்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துரு என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள், பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அந்த உரையை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்குங்கள். முழுவதையும் மொத்தமாக மாற்றுமுன் இரண்டு பக்கம் மாற்றி, பிடிஎஃபோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிழைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட இடங்களில்தான் வரும்: ஸ்ரீ, க்ஷ போன்ற கிரந்த எழுத்துகள், கொ, கோ, கௌ வரிசையில் பிரிந்துபோகும் கொம்பும் காலும், மேற்கோள் குறிகள், நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தமிழாக மாறிக் கிடக்கும் என்பதால், இருமொழிப் பக்கங்களில் ஆங்கிலப் பகுதியைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றுவது நல்லது. பெயர்களும் தேதிகளும் உள்ள ஆவணமென்றால், தட்டியவர் அல்லாத இன்னொருவர் பிடிஎஃபைப் பார்த்து வரிக்கு வரி சரிபார்க்கட்டும். அது முடியும்வரை பழைய கணினியை எடைக்குப் போட வேண்டாம்.